சபை வாய்மூடி இருக்கும் நேரம்: பெண்கள் எழுதும் குறுந்திகில் நாடகம் பற்றி

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பெண்கள் சேர்ந்து, பதினைந்து நிமிடத்துக்கு மிகாத நாடகங்களை ஆளுக்கொன்றாக எழுதி, ஒரே மாலையில் நிகழ்த்த இருக்கிறார்கள். அவர்களில் இருவர் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார்கள், ஒருவர் செவிலியர் படிப்பு மாணவி, ஒருவர் ஆசிரியை. மேலே இருப்பவர்கள் கீழே இருக்கும் பெண்களிடம் செய்யும் அத்துமீறலைத் திகில் நாடகமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ‘பேய் நாடகம் போட்டால் விஷயம் மலிவாகிவிடும், நேரடியாகச் சொல்லுங்கள்’ என்று சிலர் தடுக்கிறார்களாம். திகில் இதற்குப் பொருந்துமா, வேறு பெண்கள் இப்படி எழுதியிருக்கிறார்களா என்பதே கேள்வி.

பொருந்தும். குடியாத்தத்துக்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்ததுதான் எனக்கு வியப்பு. ஆண்டுதோறும் வைகாசி முதல் தேதி உங்கள் ஊரில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கணவன் ஆணையிட, மகன் கையால் வெட்டுண்ட ஒரு பெண்ணின் தலை, தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு, கோபாலபுரத்தில் இன்னொருத்தியின் உடலில் பொருத்தப்படுகிறது. நம் பக்கத்தில் சொல்லப்படும் கதைப்படி, பரசுராமன் துரத்தி வரும்போது ரேணுகையைக் கட்டிப்பிடித்து மறித்தவள் அந்த இன்னொருத்தி. இருவர் தலையும் ஒருசேர விழுந்தன. உயிர் திரும்பியபோது தலையும் உடலும் மாறிப் பொருந்திவிட்டன. திருவிழாவில் அவளுக்குச் ‘சண்டாளச்சி’ என்ற சாதிப் பெயர் மட்டும்தான் உண்டு. குடும்பத் தலைவனின் அதிகாரம், அதற்குக் கீழ்ப்படிந்த பிள்ளை, குறுக்கே நின்ற பெண்ணுக்கு நேர்ந்த கதி என்று மூன்றும் அடங்கிய இதைவிடக் கொடூரமான காட்சியை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. லட்சக்கணக்கானோர் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்; யாரும் அதை மலிவு என்று சொல்லவில்லை. சிவராத்திரிக்கு மறுநாள் வேலூர்ப் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளையைப் பற்றியும் இதையே சொல்லலாம். அச்சத்தை ஊர் நடுவில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று.

உங்கள் பொருளுக்கு நேரான முன்னோடி, பாரதக் கூத்தில் வரும் கீசக வதம். பழைய வடஆற்காட்டில் செய்யாறு, ஆரணி, ஆற்காடு வட்டாரங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரவு நினைவிருக்கும். பாஞ்சாலி அங்கே அரசியாக இல்லை. சைரந்திரி என்ற பெயரில் விராடனின் அரண்மனையில் வேலைக்காரியாக இருக்கிறாள். கீசகன் படைத்தலைவன், அரசியின் தம்பி. அவன் தன்மீது கண் வைத்திருப்பது தெரிந்தும், மது வாங்கிவர அவனுடைய இருப்பிடத்துக்கே அவளை அனுப்புகிறாள் அரசி. தப்பி ஓடி அரசவைக்குள் வந்து விழுகிறவளை, அத்தனை பேர் பார்க்க உதைக்கிறான் கீசகன். அரசன் வாய் திறக்கவில்லை. மாறுவேடத்தில் இருக்கும் தருமனும் அவளைத்தான் உள்ளே போகச் சொல்கிறான். புகார் கொடுக்க வந்த இடத்திலேயே அடி விழுகிறது. அடி விழுவதைச் சபை பார்க்கிறது. அதன் பிறகு அவரவர் வேலை தொடர்கிறது. சிறுமியாக இதை முதலில் பார்த்தபோது எனக்குக் கீசகனைக் கண்டு பயம் வரவில்லை. கட்டை, புஜக்கீர்த்தி என்ற கூத்து அணிகளைக் கட்டி, அடவு போட்டு வருகிறவனைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்த விராடன்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இதே கதையை மராத்தியில் காடில்கர் 1907-இல் நாடகமாக எழுதினார். பார்த்தவர்கள் கீசகனை, இந்தியாவின் ஆங்கில வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபுவாகவும், பாஞ்சாலியை அடிமைப்பட்ட நாடாகவும் புரிந்துகொண்டார்கள். 1910-இல் ஆங்கில அரசு, 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டு அதைத் தடை செய்தது. (தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமாகக் கருதப்படும் கீசக வதத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். படத்தின் பிரதி எதுவும் மிஞ்சவில்லை.) அதிகாரம் ஒரு திகில் காட்சியைக் கண்டு அஞ்சும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனாலும் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பாஞ்சாலி நாடாக உயர்த்தப்பட்ட அந்தக் கணத்தில், துரத்தப்பட்ட வேலைக்காரி காணாமல் போனாள். அவளுடைய வலி வேறு ஒரு பெரிய வழக்குக்கு உவமையாகிவிட்டது. பெண்கள் இந்த வகை நாடகத்தைக் கையில் எடுத்தபோது செய்த முதல் வேலை, அந்த வேலைக்காரியை மீண்டும் அவளாகவே மேடைக்குக் கொண்டுவந்ததுதான் என்று நினைக்கிறேன்.

குறுந்திகில் நாடகம் என்றதும் படித்தவர்கள் பாரிஸ் நகரத்துக் கிராண்ட் கின்யோல் அரங்கைச் சொல்வார்கள். பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் 1897-இல் தொடங்கியது அது. முந்நூறுக்கும் குறைவான இருக்கைகள். ஒரே இரவில் நான்கைந்து குறுநாடகங்கள், ஒன்று சிரிப்பு, அடுத்தது கொலை என்று மாறி மாறி. இந்த அமைப்பு நமக்கு அந்நியமானதன்று; கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் சிரிக்க வைத்துவிட்டு ஒதுங்கியதும் துச்சாதனன் வந்து நிற்பதும் இதே கணக்குத்தான். அங்கே எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மேடையில் அறுபட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். பவுலா மக்சா என்ற நடிகை, உலகிலேயே மிக அதிக முறை கொலை செய்யப்பட்ட பெண் என்று புகழ்பெற்றார். அந்த அரங்கு 1962-இல் மூடப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் வதைமுகாம்களைப் பற்றித் தெரிந்துகொண்ட மக்களைச் சாயத்தைக் காட்டிப் பயமுறுத்த முடியவில்லை என்று அதன் கடைசி நிர்வாகி காரணம் சொன்னார். உங்களிடமும் இதையே சொல்வேன்: ரத்தத்தில் செய்தித்தாளோடு போட்டியிட வேண்டாம்.

இதை நான் சூடுபட்டுக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் மாணவிகளோடு இப்படி ஒரு நாடகம் செய்தோம். தாக்குதலை மேடையிலேயே காட்ட வேண்டும், அப்போதுதான் உறைக்கும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்தக் காட்சி வந்ததும் பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. நடித்த பெண் இரண்டாம் நாள் வரவில்லை. விசிலடித்தவர்களைத் திட்டிவிட்டு நான் ஆறுதல் அடைந்திருக்கலாம். ஆனால் விசிலடிப்பதற்கு வேண்டியதை அவர்கள் கண்முன் எடுத்து வைத்தது என் இயக்கம்தான். கூத்துக்காரர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. துகிலுரிதல் நடக்கும்போது பல ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேடக்காரர் வேடத்தோடே அம்மனை வணங்கிவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். பார்வையாளன் எந்த நிலையில் இருந்து அதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கற்பூரம் தீர்மானித்துவிடுகிறது.

மஞ்சுளா பத்மநாபன் ‘லைட்ஸ் அவுட்’ நாடகத்தில் கற்பூரத்துக்குப் பதிலாக ஒரு சன்னலை வைத்தார். 1982-இல் பம்பாயின் சாந்தாகுரூஸ் பகுதியில் உண்மையாக நடந்த ஒன்றைக் கொண்டு எழுதப்பட்டது அது. ஒரு நடுத்தரக் குடும்பத்து வீடு, விருந்துக்கு நண்பர்கள் வந்திருக்கிறார்கள். பக்கத்தில் கட்டி முடிக்கப்படாத கட்டடத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்கிறது. இரவுதோறும் கேட்கிறது. மேடையில் நமக்குக் காட்டப்படுவது அந்த அலறலுக்கு இவர்கள் தேடும் பெயர்கள் மட்டுமே: ஏதாவது சடங்காக இருக்குமோ, பேய் ஓட்டுகிறார்களோ, அவள் எப்படிப்பட்டவளோ, போலீசைக் கூப்பிட்டால் நமக்குத் தொல்லையோ. ஆளுக்கொரு ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று ஒருவழியாக முடிவெடுக்கும்போது சத்தம் நின்றுபோயிருக்கிறது. இவ்வளவு நேரமும் அந்த வீட்டுப் பணிப்பெண் ஃபிரீடா ஒரு சொல்லும் பேசாமல் வந்துபோய்க்கொண்டே இருப்பாள். அவளிடம் ஒருவரும் கருத்துக் கேட்பதில்லை. விராட சபையை ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது போன்ற நாடகம் இது. இங்கே விசிலடிக்க இடமே இல்லை, ஏனென்றால் பார்வையாளனுடைய நாற்காலிதான் மேடைமேல் போடப்பட்டிருக்கிறது.

அரசாங்கமே கொலைகாரனாக இருந்த நாட்டில் குறுநாடகம் என்ன செய்தது என்பதற்கு அர்ஜென்டினாவைப் பார்க்கலாம். 1976-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஆயிரக்கணக்கானோரைக் காணாமல் ஆக்கியது. 1981 ஜூலை இறுதியில் புவெனஸ் அயர்ஸ் நகரத்துப் பிக்காதேரோ அரங்கில், ‘திறந்த அரங்கு’ என்று பொருள்படும் பெயரோடு நாடகக்காரர்கள் கூடினார்கள். இருபத்தொரு குறுநாடகங்களுக்குத் திட்டமிட்டு, நாளுக்கு மூன்று வீதம் நிகழ்த்தினார்கள். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 6 அதிகாலையில், அந்த அரங்கு தீக்கிரையாக்கப்பட்டது. நாடகங்கள் வேறு பெரிய அரங்குக்கு மாறின. கூட்டம் முன்பைவிடப் பெருகியது.

அங்கே எழுதிய பெண்களில் ஒருவர் கிரிசெல்டா காம்பாரோ. அவருடைய நாவல் தடை செய்யப்பட்டதால் 1977-இல் நாட்டைவிட்டுப் போயிருந்தவர், திரும்பி வந்து இந்த மேடையில் ‘ஆம் என்று சொல்வது’ என்ற குறுநாடகத்தைக் கொடுத்தார். முடிவெட்டிக்கொள்ள ஒருவன் கடைக்கு வருகிறான். முடிதிருத்துபவன் அதிகம் பேச மாட்டான், பார்ப்பான், அவ்வளவுதான். வந்தவன் தானாகவே தரையைக் கூட்டுகிறான், தானாகவே சாமான்களைத் துடைக்கிறான், கடைசியில் கடைக்காரனுக்கே சவரம் செய்துவிடுகிறான். ஒவ்வொன்றுக்கும் அசட்டுச் சிரிப்போடு சரி சரி என்கிறான். பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். முடிவில் கத்தி வந்தவனின் கழுத்தில் இறங்கும். கழுத்தில் இறங்கியது கத்தியா, அதுவரை அவன் சொன்ன ‘சரி’களா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எழுதப்பட்டிருப்பதுதான் அதன் திகில். அதே விழாவில் டயானா ராஸ்னோவிச் எழுதிய நாடகத்தில், சத்தம் வராத பியானோ ஒன்றை ஒரு பெண் வாசிக்கிறாள். அவளைப் பார்க்க மக்கள் இரவுதோறும் கட்டணம் கொடுத்து வருகிறார்கள். பேய் இல்லை, ரத்தம் இல்லை. கேட்காத ஒன்றைக் கேட்டதாகத் தலையாட்டும் கூட்டம் மட்டும் இருக்கிறது.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் இருவருக்காக இன்னொன்றும் சொல்கிறேன். இங்கிலாந்தின் கேரில் சர்ச்சில் 2000-இல் எழுதிய ‘ஃபார் அவே’ ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நாடகம். முதல் காட்சியில் ஒரு சிறுமி, தன் மாமா கொட்டகையில் ஆட்களை அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து அத்தையிடம் கேள்வி கேட்கிறாள். அத்தை ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புதிய பொய் சொல்கிறாள். கடைசிப் பொய்யில் சிறுமியும் பங்காளியாகிவிடுகிறாள். அடுத்த பகுதியில் வளர்ந்துவிட்ட அவள் தொப்பி செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். தொப்பிகள் நாளுக்கு நாள் அழகாகின்றன. கூலியைப் பற்றியும் நிர்வாகத்தின் ஊழலைப் பற்றியும் தொழிலாளிகள் கோபமாகப் பேசிக்கொள்கிறார்கள். பிறகு, அந்தத் தொப்பிகளை அணிந்த கைதிகள் சாவுக்கு வரிசையாக நடத்திச் செல்லப்படுகிறார்கள். அந்த ஊர்வலக் காட்சியில் ஒரு சொல்லும் இல்லை. தோலைத் தைத்து அழகான பொருள் செய்யும் கைகளுக்கு இந்தக் காட்சியிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கும்.

இனி உங்கள் எழுத்து. பதினைந்து நிமிடம் என்பது உங்களுக்குக் கிடைத்த வரம். முழுநீள நாடகமாக இருந்தால் குற்றவாளிக்குத் தண்டனை கொடுத்து, மக்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் வந்துவிடும். குறுநாடகத்தை அலறலுக்கும் பதிலுக்கும் நடுவில் நிறுத்திவிடலாம். சூப்பர்வைசரைக் கொம்பும் பல்லும் வைத்த அரக்கனாக எழுதாதீர்கள்; அவர் டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிடட்டும், யாருடைய குழந்தைக்கோ காய்ச்சல் என்றால் விசாரிக்கட்டும். கொம்பு வைத்துவிட்டால் அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ‘நம் ஆள் இப்படி இல்லை’ என்று தப்பித்துக்கொள்வார்கள். பேய் வேண்டுமென்றால் தாராளமாக வரட்டும். ஆனால் அது யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நாற்பது பேர் வரும் கம்பெனி பஸ்ஸில் ஒரு பெண் மட்டும் ஒரு இருக்கையைக் காலியென்று நினைத்து உட்காரப் போகிறாள், மற்ற அத்தனை பேரும் ‘அங்கே ஆள் இருக்கு’ என்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், வேலையை விட்டு நின்றுபோன ஒருத்தியைப் பற்றிய நாடகம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

ஒலியை நம்புங்கள். ஒளியமைப்புக்குப் பணம் தேவை. இருட்டில் ஓடும் ஒரு தையல் மெஷின் சட்டென்று நிற்பதற்குத் தேவையில்லை. கட்டியக்காரன் மாதிரி ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். சிரிப்பு வந்தால் விஷயம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். எந்த இடத்தில் சிரிப்பு நிற்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன் தலைவர் ஒரு பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாதோர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அதே சட்டம், புகாரின் விவரத்தையும் புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே உங்கள் லைனில் நடந்த ஒன்றை அப்படியே எழுதாதீர்கள். இடத்தை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், அந்தப் பெண்ணை அவளுடைய அம்மாவே கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றுங்கள். இது பயந்து ஒதுங்குவது ஆகாது. அவள் கதைமேல் அவளுக்கு இருக்கும் உரிமையை மதிப்பது. நாடகப் பிரதியை முன்கூட்டி அதிகாரிகள் பார்வைக்குக் கொடுக்க வைத்த 1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்துவிட்டது. பொது இடத்தில் நிகழ்த்துவதற்கும் ஒலிபெருக்கிக்கும் உரிய அனுமதியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்களே பெண்களின் வேடத்தைக் கட்டுவது கூத்தில் அண்மைக்காலம் வரை அரிது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய குருகுலத்தில் சிறுமிகளும் கட்டைக்கூத்து கற்று ஆடினார்கள். பாஞ்சாலியின் கூந்தலை ஓர் ஆண் விரித்துப்போட்டு ஆடுவதற்கும் ஒரு பெண் விரித்துப்போட்டு ஆடுவதற்கும் கூத்தாடும் களரியில் வேறுபாடு உண்டு. எது உயர்ந்தது என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. உங்கள் நாடகங்களில் அத்துமீறுபவனின் வேடத்தையும் பெண்ணே ஏற்பது நல்லது. ஒத்திகையில் ஒருத்தி ‘போதும்’ என்றால் அந்த இடத்தில் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. நான் இழந்த அந்த மாணவியின் பொருட்டு இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

கீசக வதத்தில் ஜமாக்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடும் ஒரு பகுதியும் உண்டு. பீமன் கீசகனைக் கை எது, கால் எது என்று தெரியாத பிண்டமாகப் பிசைந்து போட்டபின், அவன் தம்பிகளான உபகீசகர்கள் வந்து, ‘எல்லாம் இவளால் வந்தது’ என்று சைரந்திரியைப் பிணத்தோடு சேர்த்துக் கட்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். புகாருக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. உங்கள் நால்வரில் ஒருவர் அந்தச் சுடுகாட்டு வழியை மட்டும் எழுதலாம்.

இன்னொருவர் உங்கள் ஊர்க் கதையில் குறுக்கே நின்று மறித்த அந்தப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய் வீட்டுக்காரர்கள் செய்யத் தவறியதைச் செய்தவள் அவள். அதற்காக வெட்டுப்பட்டவளும் அவளே. வெட்டுவதற்கு முன் அவளுக்கு ஒரு காலைப்பொழுது இருந்திருக்கும். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் தெருவில் ஓடிவரும் காலடி கேட்டிருக்கும். பதினைந்து நிமிடத்தில் பதினான்கை அந்த அடுப்புக்குக் கொடுங்கள். நாடகத்தில் அவளுக்குப் பெயர் வைக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்கள் அவளை வாயார உறவுமுறை சொல்லிக் கூப்பிடட்டும், அக்கா என்றும் அண்ணி என்றும் அம்மா என்றும்.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.